தராசுக்கு மேல் ஒரு சிட்டிகை

மார்ச் 3, திங்கள்

இன்று காலை இருப்பு எடுத்ததில் நாற்பத்தோரு கிராம் குறைந்தது. வதனி மூன்று முறை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். மூன்று முறையும் அதே நாற்பத்தொன்று.

பருப்பு மண்டியில் மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தால் 'எலி' என்று எழுதி மூடிவிடலாம். நான் விற்பது கஞ்சா. இங்கே அமெரிக்காவில், மருத்துவ அட்டை வைத்திருக்கும் நோயாளிக்கு மட்டும், மாநில அரசாங்கத்தின் லைசென்ஸோடு. செடி முளைத்துக் கொஞ்சம் தலைதூக்கினாலே எண் போட்ட டேக் ஏறிவிடும். அறுத்து, உலர்த்தி, பூவாக என் கடை ஜாடிக்கு வரும்வரை அந்த எண் கூடவே வரும். எந்த ஜாடியில் எத்தனை கிராம், யாருக்கு எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்பதெல்லாம் மாநிலத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. காம்பைக் குப்பையில் போடுவதற்கும் நிறுக்க வேண்டும், எழுத வேண்டும். ஊரில் அக்காவிடம் மூலிகைக் கடை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை.

பூ உலர்ந்தால் எடை கொஞ்சம் குறையும். அதைக் கழித்த பிறகுதான் இந்த நாற்பத்தொன்று. யாரோ வெளியே கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள் என்றுதான் மாநிலம் நினைக்கும். கடையில் இருப்பது இரண்டு பேர். ஒன்று நான்.

இன்னொன்று மதிவதனி, என் மகன் ஜெயசிங்கின் பெண்டாட்டி. அவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சியாட்டிலுக்கு வேலைக்கென்று போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். இவள் கோபிச்செட்டிபாளையத்துக்குத் திரும்பிப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. ஊரில் மருந்தாளுநர் படிப்பு முடித்தவள். இங்கே எழுத வேண்டிய பரீட்சையெல்லாம் எழுதிவிட்டாள். லைசென்ஸ் விண்ணப்பம் வாரியத்தில் இருக்கிறது, ஏப்ரலில் முடிவு. கடையின் இருப்பு அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். அவள் பெயரில் ஒரு கறை விழுந்தால் விண்ணப்பம் போச்சு. ஏழு வருஷ உழைப்பு.

குறைவுக்குக் காரணத்தைப் பதினான்காம் தேதிக்குள் எழுதிப் போட வேண்டும்.

லைசென்ஸ் வந்தால் துல்சாவில் ஆஸ்பத்திரி வேலை தயாராக இருக்கிறது அவளுக்கு. இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். நல்லது. நல்லதுதான்.

மார்ச் 5, புதன்

தராசைச் சோதித்தோம். சோதனைக் கல் வைத்துப் பார்த்ததில் ஒரு மில்லிகிராம் கூட நகரவில்லை.

"தராசு மேல தப்பில்லீங்க அத்தை."

"அப்போ யார் மேல?"

சட்டைக் கையை மடித்து மடித்து விட்டாள். இவள் எதையாவது மறைக்கிறபோது செய்கிற வேலை அது. ஜெயசிங் சியாட்டிலுக்குக் கிளம்பிப் போன சமயத்தில், "அவரு லீவுக்கு வருவாருங்க" என்று சொன்னபோதும் இப்படித்தான் மடித்தாள்.

"கேமராவப் பாத்தியா?"

"பாத்தனுங்க. ஒண்ணுமில்லீங்க."

வியாபாரத்தில் நாற்பது வருஷம். புருஷன் போன பிறகு எங்கள் பெட்ரோல் பங்க்கைத் தனியாக நடத்தினேன். பட்டணத்துக்காரன் ஒருத்தன் அதை வாங்க மூன்று முறை விலை பேசி மூன்று முறையும் தோற்றுப்போனான். எதிரே நிற்பவர் மறைக்கிறாரா என்று எனக்குத் தெரியும்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். மருந்தியல் புத்தகம், வேர்க்கடலைப் பொட்டலம், என்னுடைய ரத்த அழுத்த மாத்திரை. தீர்ந்துவிடும் என்று வாங்கி வைத்திருக்கிறாள். ஜிப்பை மூடிவிட்டு ஜாடிகளைத் துடைத்தேன்.

மார்ச் 8, சனி

நல்ல கூட்டம். என் கவுண்டரில் வாசல்வரை வரிசை. வதனி தன் கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் காலியா இருக்கே, போங்களேன்" என்றால் யாரும் நகர்வதில்லை.

டேல் வந்திருந்தார். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்து முதுகை ஒடித்துக்கொண்ட மனிதர். புற்றுநோய் வேறு. அவருக்கு என் முழுப் பெயர் வாயில் நுழையாது. தங்கபுஷ்பம் என்று மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் 'மிஸ் புஷ்' என்று நிறுத்திக்கொண்டார்.

"மிஸ் புஷ், உன் கையால வாங்கினா ஒரு நாள் கூடுதலா வருது. அந்தப் பொண்ணுகிட்ட வாங்கினா வியாழக்கிழமையே தீந்துபோவுது."

கைராசி என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தேன். வதனி சிரிக்கவில்லை. பெரிய ஜாடிகளை என் பக்கத்திலிருந்து அவள் பக்கம் நகர்த்தினாள். சாயங்காலத்துக்குள் நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மீன் குழம்பு. இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். திருடுகிறவள் இப்படிச் சாப்பிடுவாளா?

மார்ச் 12, புதன்

மத்தியானம் சுழற்காற்றுச் சைரன் ஊதிவிட்டது. வெளியே செம்மண் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஜன்னல் இல்லாத அறை இருப்பு அறை ஒன்றுதான். இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஜாடிகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மேலே கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்து நம்மளத் தூக்கிட்டுப் போச்சுன்னா கணக்கு நேராயிரும்" என்றேன்.

"போங்க அத்தை." சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. இந்தக் கடை இல்லீன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்னத்தா கேள்வி இது? வேற கடை."

"இல்லீங்க. நெசமா."

யோசித்தேன். காலையில் எழுந்ததும் குளித்துக் கடைக்குக் கிளம்பாத ஒரு நாள் என் நினைவில் இல்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் கடையிலிருந்துதான். "செத்துப்போவேன்" என்றேன், விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. என் முட்டிமேல் கை வைத்தாள். காற்று பக்கத்து ஊரோடு போய்விட்டது.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கை போட்டாயிற்று. காரணம் என்ற கட்டத்தில் அவள் எழுதியது: 'இருப்பு எடுத்ததில் என்னுடைய தவறு. முந்தைய மாத எண்ணிக்கையைத் தவறாகப் பதிந்தேன்.' அனுப்பிய பிறகுதான் காட்டினாள்.

"நெசமாவே நீதான் தப்பா எழுதினியா?"

"ஆமாங்க."

சட்டைக் கை முழங்கைவரை ஏறியிருந்தது.

எடுத்தவள் இவள்தான், வெளியே சொல்ல வெட்கப்பட்டு எண்ணிக்கைத் தவறு என்கிறாள். என் முடிவு அதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் துல்சாவுக்குச் சாமான் வாங்கப் போகிறாள். கேமராவில் நானே பார்க்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு, அவளைப் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் அவள் கவுண்டர், பிப்ரவரி மாதக் காட்சி. ஜாடியைத் திறக்கிறாள், இடுக்கியால் எடுக்கிறாள், மூன்றரை கிராம் நிறுக்கிறாள், டப்பாவில் போட்டு மூடுகிறாள், கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள், லேபிள் ஒட்டுகிறாள், கொடுக்கிறாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். கோவில் பிரசாதம் கொடுப்பதுபோல அவ்வளவு பதமாகச் செய்கிறாள்.

பிறகு என் கவுண்டர், பிப்ரவரிச் சனிக்கிழமைகள். பொழுதுபோகத்தான் பார்த்தேன்.

நிறுக்கிறேன். மூன்றரை. கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன், விற்பனை முடிந்துவிட்டது. டப்பாவை மூடவில்லை. டேலிடம் முதுகு எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இடுக்கி ஜாடிக்குள் போகிறது, ஒரு சிட்டிகை எடுக்கிறது, டப்பாவில் போடுகிறது. அதன் பிறகு மூடி. நான் கையைப் பார்க்கவே இல்லை. டேல் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆள். மூன்றரை. ஒரு சிட்டிகை.

அடுத்த ஆள்.

ஒரு சனிக்கிழமை மட்டும் பதினெட்டு தடவை.

கொசுறு. பதினோரு வயதில் அப்பா என்னை விருதுநகர் கடையில் தராசுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார். நிறுத்த பிறகு மேலே கொஞ்சம் போடாமல் பொட்டலம் கட்டினால் மண்டையில் குட்டு விழும். அந்தக் கை எதையும் கேட்காமல் அமெரிக்கா வந்துவிட்டது. எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதப் பார்த்தேன். கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்பதெல்லாம் வக்கீலிடம் சொல்கிற பேச்சு. டேல் ஒரு நாள் கூடுதலாக வருகிறது என்றபோதே எனக்குள் ஏதோ அசைந்தது. கைராசி என்று பெயர் வைத்து உட்கார வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். எந்தக் காட்சியை யார் எப்போது பார்த்தார்கள் என்று அந்தக் கேமரா குறித்து வைக்கும். என் கவுண்டர், அதே சனிக்கிழமைகள், பார்த்தவர் மதிவதனி. மார்ச் 4.

சாமானோடு திரும்பி வந்தாள். முருங்கைக்காய் கிடைத்ததாம். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னாள். நல்ல காய்தான் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். விட்டேக்கர் என்று பெயர்; சுற்றி வளைக்காத ஆள்.

"அறிக்கையில எண்ணிக்கைத் தவறுன்னு போயிருக்கு. அதை ஏத்துப்பாங்க. அந்தப் பொண்ணு பேருக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். கடைக்கு ஒண்ணும் வராது. விட்டுடுங்க."

"அந்தக் கடிதம் மருந்தாளுநர் வாரியத்துக்குப் போகுமா?"

"அவங்க கேட்டா போகும். கேப்பாங்க."

"நான் போய் உண்மையச் சொன்னா?"

"கடை லைசென்ஸ் தொங்கும். கவுண்டர்ல நிக்கறதுக்கு மாநிலம் கொடுத்த உங்க பேட்ஜ் நிச்சயம் போகும். கவுண்டர் பக்கமே நீங்க வர முடியாது. மேடம், நீங்க கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டிருக்கேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கணக்குப் போட்டால் சும்மா இருப்பதுதான் லாபம். கடை நிற்கும். அவளுக்கு லைசென்ஸ் வராவிட்டால் துல்சாவும் இல்லை. அவள் இருக்கிற மாடி அறை காலியாகாது. வாடகைக்கு ஆள் தேடுகிற அலைச்சல் மிச்சம்.

மார்ச் 18, செவ்வாய்

ஜாடி கழுவினேன். பதினாறு.

இன்று கவுண்டரில் நிற்கவில்லை. கால் வலி என்றேன். வதனி நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 19, புதன்

முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள். சோறு முடிகிறவரை இருந்துவிட்டுக் கேட்டேன்.

"ஏத்தா, நாலாந்தேதி என் கவுண்டரப் பாத்திருக்க."

காயைச் சப்பிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"பாத்தனுங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க பேட்ஜ் போயிருமுங்க. அப்பறம் நீங்க வூட்ல உக்காந்து என்ன பண்ணுவீங்க? வேணும்னு செஞ்சிருந்தா சண்ட போட்டிருப்பனுங்க. நீங்க செய்யறது உங்களுக்கே தெரியல. ஜாடிய நகத்திப் பாத்தேன், நீங்க திருப்பி எடுத்துக்கிட்டீங்க."

"அதுக்கு? உன் ஏழு வருசத்தத் தூக்கி வெளிய போடுவியா?"

"பரிச்சதானுங்க. மறுபடி எழுதிக்கலாம்."

"கறை விழுந்தா யார் எழுத விடுவா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரு போனப்ப எங்கூட்ல எல்லாரும் வந்துருன்னாங்க. நீங்க மட்டுந்தான் ஒண்ணுஞ் சொல்லாம காலையில காப்பி ரெண்டு டம்ளர் போட்டீங்க. நானும் கடைக்கு வந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். "நான் உன் பையத் தொறந்து பாத்தவ, தெரியுமா? நீ திருடறேன்னு நெனச்சவ."

"தெரியுமுங்க. ஜிப்ப மாத்தி மூடியிருந்தீங்க."

இவளிடம் சரக்கு வாங்க வருகிறவன் பிழைக்க மாட்டான்.

மார்ச் 20, வியாழன்

சொல்லாமல் கிளம்பிப் போனேன். மாநில ஆய்வாளர் ஹாலிஸ் என்ற பெண்மணி. ஐம்பது வயது, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். கேமராக் காட்சியைப் பென் டிரைவில் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வக்கீலைக் கூட்டிப் போகவில்லை. இருந்திருந்தால் பேச விட்டிருக்க மாட்டார்.

பார்த்தார். திரும்பப் பார்த்தார்.

"இவங்க கூடுதலா காசு கொடுத்தாங்களா?"

"இல்லை."

"அப்போ இலவசமா ஏன் கொடுத்தீங்க?"

"இலவசம் இல்லை மேடம். நிறுத்தது விலைக்கு. மேல போடறது மரியாதைக்கு."

"எல்லாருக்குமா?"

"வந்த எல்லாருக்கும். ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடாம விட்டா அது அவமானம்."

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா, எரிச்சலையா, தெரியவில்லை. "இந்த மாநிலத்துல இதுக்குப் பேரு பதிவில்லாத விநியோகம்."

"தெரியும். அதுக்கு நான் ஆள். ஆனா அறிக்கையில அந்தப் பொண்ணு எழுதினது தப்பு. அவ எண்ணிக்கை சரி. மூணு தடவ நிறுத்து மூணு தடவயும் நாப்பத்தொண்ணுன்னா. எந்தெந்தக் கிழமை எத்தனை ஆளுன்னு எண்ணுங்க, ஆளுக்கு ஒரு சிட்டிகை போடுங்க, அதே நாப்பத்தொண்ணு வரும். இவ்வளவு துல்லியமா எண்ணுறவள எண்ணத் தெரியாதவன்னு கோப்புல எழுதி வைக்கப் போறீங்களா?"

"அவங்க பொய்யா ஒரு காரணம் எழுதியிருக்காங்க. அதுவும் குற்றம்தான்."

"எழுதி ஆறு நாள்தான் ஆகுது. திருத்த வழி உண்டுதானே? நான் உரிமையாளர். திருத்தம் நான் போடறேன். அந்த வரிய எடுத்துட்டு என் கைய எழுதுங்க. அதுக்கு என்ன விலைன்னு சொல்லுங்க, தர்றேன்."

"மேடம், இது சந்தை இல்லை."

"நான் பேரம் பேசல. பேசினா இப்படியா வருவேன், எல்லாத்தையும் மேசைல கொட்டிட்டு?"

பென் டிரைவை உறையில் போட்டு ஒட்டினார். முடிவு எழுத்தில் வரும் என்றார்.

காரில் ஏறி உட்கார்ந்து கையை மடியில் வைத்தேன். வலது கை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, திங்கள்

ஹாலிஸைப் பார்த்து வந்ததைச் சனிக்கிழமை சொன்னேன், வதனி இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று காலை காப்பியை டொக்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னக் கேக்காம போயிருக்கக் கூடாதுங்க."

"நீ என்னக் கேட்டா எழுதின?"

காப்பி நன்றாக இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

மாநிலத்தின் கடிதம் வந்தது. அபராதம் ஆறாயிரம் டாலர். என் பேட்ஜ் ரத்து; கடையின் உரிமை என்னிடம் இருக்கலாம், ஆனால் கவுண்டருக்கும் இருப்பு அறைக்கும் நான் போகக் கூடாது. இனி அங்கே நிறுத்துக் கொடுப்பது கிடையாது, முத்திரை போட்டு வருகிற பொட்டலம் மட்டும். இருப்பு அறிக்கை திருத்தப்பட்டது. மதிவதனியின் பெயரில் எந்தக் குறிப்பும் இல்லை.

கடைசி வரியை நான்கு முறை படித்தேன். அவளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு இருப்பு அறைக்குள் போனாள். நான் அங்கே போகக் கூடாது, அதனால் வாசலிலேயே நின்றேன். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் முதல் முத்திரைப் பொட்டலங்கள் வந்து இறங்கின, கூடவே டேலும் வந்தார். முத்திரைப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிப் பார்த்தார். "மிஸ் புஷ், இது ரொம்ப லேசா இருக்கே."

"அதுதான் சரியான எடை. இத்தனை நாள் தப்பான எடையத் தூக்கிட்டு இருந்தீங்க."

"அந்தத் தப்பு எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அந்த வேலைக்குப் பேட்ஜ் வேண்டியதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வாரியத்திலிருந்து வந்துவிட்டது. மதிவதனி, மருந்தாளுநர். ஆஸ்பத்திரியில் மே மாதம் ஐந்தாம் தேதி சேரச் சொல்கிறார்கள்.

கேசரி செய்தேன். சாப்பிட்டுவிட்டு ஏதோ சொல்ல வந்தாள், நான் முந்திக்கொண்டேன். மாடி அறைக்கு ஆள் பார்த்துக்கொள்கிறேன், கடையைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார், என்னைப் பற்றிக் கவலைப்படாதே, இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். விலைபோகாத சரக்கைத் தள்ளிவிடப் பேசுகிற வியாபாரிபோல எனக்கே கேட்டது.

"முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சுட்டேன்."

"துல்சாவுல ரெண்டு பெட்ரூம் வூடு பாத்திருக்கறனுங்க. ஒண்ணு உங்களுக்கு."

"நான் எதுக்கு அங்க? எனக்குச் சோறு போடவா வேலைக்குப் போற?"

"ஆரு போடறது? அங்க நூறு தமிழ்க் குடும்பம் இருக்குது, ஒருத்தர் வூட்லயும் நல்ல இட்லி மாவு இல்லீங்க. லைசென்ஸ் எடுத்து அரைச்சு வித்தீங்கன்னா, லிட்டருக்கு மேல ஒரு கரண்டி ஊத்துனீங்கன்னு எந்தக் கம்ப்யூட்டரும் கேக்காது."

என் தொழிலை எனக்கே விற்கிறாள். உடனே சரி என்றால் மதிப்பு இல்லை. வாடகை எவ்வளவு என்று கேட்டேன், கிரைண்டர் சத்தத்துக்கு அக்கம்பக்கம் சண்டைக்கு வருமா என்று கேட்டேன், குளிர்சாதனப் பெட்டியின் அளவைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். ரொம்ப நாளாகவே வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

கடைசியில் பேசி முடித்தது இவ்வளவுதான். கடை, கேட்டு வந்தவருக்கு எண்பத்திரண்டாயிரத்துக்கு. அதில் ஒரு டாலரும் அவள் தொட மாட்டாள். வாடகையில் பாதி என்னுடையது, அதில் அவள் வாயைத் திறக்கக் கூடாது. மின்சார அடுப்பு உள்ள வீடு வேண்டாம், கேஸ் அடுப்புதான். ஜெயசிங் என்றைக்காவது வந்தால் இருவரில் யாரும் தன் அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை. அவன் ஹாலில் படுக்கட்டும்.